ஏழைக்கு அறிவில்லையாம்!

(காவேரிப்பட்டினத்தில் நடைபெற்ற தோழர்கள் பயிற்சிக் கூட்டத்திலே ஆற்றிய உரை)



பெண்ணையாற்றங்கரையிலே நின்றுகொண்டு காவிரியின் பெயரைத் தாங்கியிருக்கும் ஊர் உங்களுடையது. பெயரைக் கேட்டுவிட்டுப் பூம்புகாரையும் கடலையும் எதிர்பார்த்து வந்து ஏமாந்தவர்கள் உண்டு. கடல் இல்லையே தவிர வரலாறு இல்லாமற் போகவில்லை. 1767இல் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் இவ்வூர்க் கோட்டைக்காக மோதிக்கொண்டன. அந்தக் கதையைப் பேச நான் வரவில்லை. இன்று காலை, இந்த ஊருக்குள் நுழைந்ததும், தேநீர்க் கடையொன்றிலே என் காதில் விழுந்த ஒரு பேச்சைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பேசியவர் நம் தோழர்தாம். கொடி பிடித்தவர், சிறை சென்றவர். ஆகவே பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் சொன்னார்: "எவ்வளவு செய்தாலும் இந்த ஏழைகளைத் திருத்த முடியாதய்யா! கையிலே காசு வந்தால் குடிக்கிறான். காசு தீர்ந்தால் வட்டிக்கு வாங்குகிறான். விண்ணப்பம் எழுதிக் கொடு என்றால் தேதி தவறி வருகிறான். நாளைக்கு என்ன என்று எண்ணும் அறிவே அவனுக்கு இல்லை!"

சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவரும் அசைத்தார்.

மாற்றான் இதைச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். 2022 சூலையில் பிரதமர் மோடி அவர்கள், மக்களுக்குத் தரும் உதவிகளை 'ரேவடிப் பண்பாடு' என்று எள்ளினார். ரேவடி என்பது எள்ளும் வெல்லமும் சேர்ந்த வடநாட்டு மிட்டாய். அதாவது ஏழைக்குக் கிடைப்பது உரிமையன்று, மிட்டாய்! அவர் சொன்னதிலே எனக்கு வியப்பில்லை. அவர் இடம் அது. ஆனால் நம் வீட்டுத் திண்ணையிலேயே அந்தக் குரல் கேட்கிறதென்றால், விடை கூறாமல் போவது தவறு.

பழைய குரல்தான் இது. பிறவியிலேயே சிலருக்கு அறிவு உண்டு, சிலருக்கு இல்லை என்று சொன்னார்களே, சாத்திரம் சொன்னார்களே, அந்தக் குரல். பூணூலைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, 'ஏழைக்குத் திட்டமிடத் தெரியாது' என்று பொருளாதாரம் பேசுகிறது. அவ்வளவே வேறுபாடு.

சாத்திரத்துக்கு விடை சொல்லத் தந்தை பெரியார் இருந்தார். இந்தக் கண்ணாடி போட்ட குரலுக்கு விடை சொல்ல, நம் தமிழ்நாட்டுச் சிற்றூரிலே பிறந்த ஒருவர் கிடைத்திருக்கிறார். அவர் நம் மேடைக்காரரல்லர். அரசியல்வாதியுமல்லர். பொருளாதாரப் பேராசிரியர். செந்தில் முல்லைநாதன் என்பது அவர் பெயர்.

சிறுவனாக இருந்தபோது, 1980இல், குடும்பத்தோடு அமெரிக்கா சென்றவர். கார்னெல் பல்கலைக்கழகத்திலே படித்து, 1998இல் ஆர்வர்டிலே ஆய்வுப் பட்டம் பெற்று, எம்.ஐ.டி., ஆர்வர்டு, சிகாகோ ஆகிய இடங்களிலே பேராசிரியராக விளங்கி, 2024இல் மீண்டும் எம்.ஐ.டி.க்குச் சென்றவர். 2002இலேயே அமெரிக்கர் பெரிதும் மதிக்கும் மக்ஆர்தர் நிதிக்கொடை அவருக்குக் கிட்டியது. 2019இல் நோபல் பரிசு பெற்றார்களே அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ, அவர்களோடு சேர்ந்து 2003இல் வறுமை ஆய்வுக்கென ஒரு கூடத்தை நிறுவியவர்களிலே அவரும் ஒருவர். பட்டங்களை அடுக்குவது அவரைப் புகழ்வதற்காக அன்று. நாளை நீங்கள் இதை எடுத்துச் சொல்லும்போது, 'யாரோ சொன்னதாமே' என்று எவரும் தள்ளிவிடக் கூடாது, அதற்காக.

பொருளாதார நூல்களிலே ஒரு மனிதன் உலவுவான். அவனை நீங்களும் கண்டதில்லை, நானும் கண்டதில்லை. பசித்தாலும் கணக்குத் தவறாது, துன்பம் வந்தாலும் தடுமாறாது, ஒவ்வொரு காசையும் எடைபோட்டுச் செலவிடும் அதிசய மனிதன் அவன்! நூற்றாண்டுக் காலம் அவனை வைத்தே பாடம் நடத்தினார்கள். பிறகு டேனியல் கானெமான் என்ற உளவியலார் வந்தார், 2002இல் நோபல் பரிசு. ரிச்சர்டு தேலர் வந்தார், 2017இல் நோபல் பரிசு. 'மெய்யான மனிதன் தவறுவான், மறப்பான், தள்ளிப் போடுவான். அவனை வைத்துப் பொருளாதாரம் எழுதுங்கள்' என்றார்கள். நடத்தைப் பொருளியல் என்று அதற்குப் பெயர்.

நல்லது. எல்லா மனிதரும் தவறுகிறார்கள். ஆனால் ஏழையின் தவறு மட்டும் ஏன் அவன் குடலைப் பிடுங்குகிறது? ஏழை தவறுவதால் ஏழையாக இருக்கிறானா, ஏழையாக இருப்பதால் தவறுகிறானா? முல்லைநாதன் கையிலெடுத்த கேள்வி இது. இதற்கு விடை தேட அவரும் அவருடைய கூட்டாளிகளும் எங்கே வந்தார்கள் தெரியுமா? விழுப்புரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் வந்தார்கள். நம் பக்கத்து மாவட்டம்! ஊத்தங்கரையைத் தாண்டினால் செங்கம்!

கரும்பு உழவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஏன் கரும்பு? கரும்புக்காரனுக்கு ஆண்டிலே ஒருமுறைதான் பணம். வெட்டி, ஆலைக்கு அனுப்பி, பணம் கைக்கு வந்தால் சில மாதங்கள் அவன் ஓரளவு வசதிக்காரன். அடுத்த வெட்டு நெருங்கும் மாதங்களிலோ அவனே ஏழை. ஆள் ஒருவன், நிலை இரண்டு! ஏழையையும் பணக்காரனையும் ஒப்பிட்டால், 'அவன் படித்தவன், இவன் படியாதவன்' என்று ஆயிரம் வேறுபாடு சொல்லலாம். ஒரே மனிதனை அவனோடே ஒப்பிட்டால் என்ன சொல்வீர்கள்?

2010ஆம் ஆண்டு. 54 சிற்றூர்கள். வருவாயில் நூற்றுக்கு 60 பங்குக்குக் குறையாமல் கரும்பிலிருந்தே பெறும் சிற்றுழவர் 464 பேர். அறுவடைக்கு முன்னே ஒருமுறை, பின்னே ஒருமுறை அவர்களைக் கண்டார்கள். அறுவடைக்கு முன்னே அவர்களிலே நூற்றுக்கு 78 பேர் ஏதோ ஒரு பொருளை அடகுக் கடையிலே வைத்திருந்தார்கள். பின்னே, நூற்றுக்கு 4 பேர். முன்னே நூற்றுக்கு 99 பேர் கடன்காரர்கள். பின்னே 13 பேர். இது நமக்குப் புதிதன்று. தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போவதும் மீள்வதும் எந்த மாதத்திலே என்று இங்கேயுள்ள தாய்மார்களைக் கேட்டால் ஆய்வு இல்லாமலே சொல்வார்கள்.

புதிது எது? அந்த உழவர்களுக்குச் சில புதிர்ப் படங்களைக் கொடுத்தார்கள். எழுத்தறிவு வேண்டாத புதிர்கள். வரிசையாக உருவங்கள் இருக்கும், ஓரிடம் வெற்றாக இருக்கும், அங்கே எந்த உருவம் பொருந்தும் என்று சொல்ல வேண்டும். அறிவைச் சோதிக்க உலகெங்கும் பயன்படும் முறை. அறுவடைக்கு முன்னே சராசரியாக அவர்கள் சரியாகச் சொன்னவை 4.35. அறுவடைக்குப் பின்னே, 5.45. நாலில் ஒரு பங்கு உயர்வு!

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! அதே தலை, அதே மூளை. இடையிலே அவர் பள்ளிக்கூடம் போகவில்லை. வல்லாரை சாப்பிடவில்லை. கடன் தீர்ந்தது. அவ்வளவுதான். கடன் தீர்ந்ததும் அறிவு திரும்பி வந்தது!

'வெயிற்காலம், மழைக்காலம் என்று பருவத்தின் விளைவாக இருக்கலாமே' என்று கேட்கத் தோன்றும். அதையும் பார்த்தார்கள். ஆலையின் அரவைத் திறனுக்கேற்ப ஒவ்வொருவருக்கும் வெட்டு உத்தரவு வெவ்வேறு வாரத்திலே வருகிறது. ஒரே வாரத்திலே ஒருவர் வெட்டி முடித்திருப்பார், அடுத்த வயற்காரர் காத்திருப்பார். ஆகவே பருவம் காரணமன்று. உடலுழைப்பின் களைப்பும் உணவின் குறைவும் காரணமல்ல என்பதற்கும் அவர்கள் கணக்குக் காட்டினார்கள்.

அமெரிக்காவின் நியூசெர்சி மாநிலத்துக் கடைவீதியிலும் ஒரு சோதனை. வந்தவர்களிடம், 'உங்கள் மோட்டார் கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், செப்பனிட 150 டாலர் ஆகும், என்ன செய்வீர்கள்?' என்று கேட்டுவிட்டுப் புதிரைக் கொடுத்தார்கள். ஏழையும் பணக்காரரும் சமமாகவே விடையளித்தனர். சமமாக! வேறு சிலரிடம், '1,500 டாலர் ஆகும்' என்றார்கள். பணக்காரரின் விடையிலே மாற்றமில்லை. ஏழையின் விடைதான் சரிந்தது. எவரும் அவர் பையிலிருந்து ஒரு காசு எடுக்கவில்லை. 1,500 என்ற சொல்லைக் காதிலே போட்டார்கள், அவ்வளவுதான். அந்தச் சொல் உள்ளே போய், வீட்டு வாடகையையும் பிள்ளையின் கட்டணத்தையும் தட்டி எழுப்பிவிட்டது. பிறகு புதிர் எங்கே தெரியும்?

அணையிலிருந்து கால்வாயிலே தண்ணீர் விடுகிறார்கள். கணக்குப்படி கடைமடை வரை எட்ட வேண்டிய தண்ணீர். வழியிலே பத்து உடைப்பு. உடைப்பிலே ஓடியது போக, கடைமடையிலே ஈரம்கூட இல்லை. கடைமடை உழவனைப் பார்த்து, 'உன் நிலம் மலட்டு நிலம்' என்று சொன்னால் அவன் மண்வெட்டியைத் தூக்கமாட்டானா? ஏழையின் தலையிலும் தண்ணீர் குறைவில்லை. வாடகை ஓர் உடைப்பு, தவணை ஓர் உடைப்பு, மருந்துச் செலவு ஓர் உடைப்பு. எஞ்சியதைக்கொண்டுதான் விண்ணப்பத்தின் கடைசித் தேதியை அவன் நினைவிலே வைத்திருக்க வேண்டும்.

இந்த ஆய்வை 2013இல் அமெரிக்காவின் 'சயன்ஸ்' இதழிலே வெளியிட்டார்கள். ஆனந்தி மணி, எல்டார் ஷஃபீர், சியாயிங் சாவ் ஆகியோர் உடன் எழுதியவர்கள். அதே ஆண்டு ஷஃபீரும் முல்லைநாதனும் பற்றாக்குறையைப் பற்றி ஒரு முழுநூலே எழுதினார்கள். வள்ளுவர் நல்குரவுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கியவர். நமக்கு அந்தப் பொருள் அந்நியமன்று.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எதிர்ப்பும் வந்தது. கணக்கிட்ட முறையிலே குறை கண்டு மறுப்பு எழுதியவர்கள் உண்டு. 2016இல் கார்வால்யோ, மையர், வாங் ஆகிய மூவர், அமெரிக்க ஏழைகளைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து, 'அறிவிலே வேறுபாடு காணவில்லை' என்று எழுதினார்கள். சம்பள நாளையொட்டிய சில நாள் இடைவெளி வேறு, ஆண்டுக்கொரு முறை வரும் கரும்புப் பணம் வேறு என்பது என் எண்ணம். ஆனால் எதிர்ப்பு இருக்கிறது என்பதை அறிந்தே பேசுங்கள். மாற்றான் எடுத்துக் காட்டும்போது விழிக்கக் கூடாது.

இப்போது கடனுக்கு வருவோம். 'அறிவிருந்தால் தண்டல்காரனிடம் போவானா' என்றாரே நம் தோழர், அதற்கு.

சென்னைக் கோயம்பேட்டு அங்காடிப் பகுதியிலே பழமும் காய்கறியும் விற்கும் பெண்களை முல்லைநாதனும் டீன் கார்லன் என்பாரும் ஆய்ந்தார்கள். காலையிலே 1,000 ரூபாய்க்குச் சரக்கு எடுக்கிறாள். மாலைக்குள் 1,100க்கு விற்கிறாள். இலாபம் 100. முதல் ஏது? கடன். வட்டி எவ்வளவு? நாளொன்றுக்கு நூற்றுக்கு 5. ஆண்டுக்கல்ல, மாதத்துக்கல்ல, நாளுக்கு! 100 ரூபாய் இலாபத்திலே 50 வட்டிக்காரருக்கு, 50 அவளுக்கு. ஆண்டுக்கணக்காக அப்படி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தினமும் 5 ரூபாய் மட்டும் எடுத்து வைத்து, மறுநாள் அந்த அளவுக்குக் கடனைக் குறைத்து, மிச்சமாகும் வட்டியையும் அதோடு சேர்த்துக்கொண்டே போனால், 50 நாளிலே 1,000 ரூபாயும் அவளுடையது. அதன்பின் இலாபம் இரட்டிப்பு. நான் பென்சிலை எடுத்து இதைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. தேநீர்க் கடைத் தோழர் துள்ளுவார், 'பார்த்தீர்களா, ஐந்து ரூபாய் எடுத்து வைக்க அறிவில்லை!' என்று.

பொறுங்கள். ஆய்வாளர்கள் அடுத்து ஒன்று செய்தார்கள். அப்பெண்களிலே ஒரு பகுதியினருக்குக் கடனை முழுதும் அடைத்துவிட்டார்கள். இங்கும் செய்தார்கள், பிலிப்பைன்சு நாட்டிலும் செய்தார்கள். கடன் தீர்ந்த அன்றே அவள் மீண்டும் ஓடவில்லை. பலர் சிறிது காலம் கடனின்றியே நின்றார்கள். பிறகு ஒரு சாவு, ஒரு காய்ச்சல், ஒரு திருமணம், ஏதோ ஓர் அடி! ஒருவர் பின் ஒருவராகப் பெரும்பாலோர் மீண்டும் வட்டிக்காரரிடமே போய்ச் சேர்ந்தார்கள். கடன் இல்லாமற் போனது உண்மை. ஆனால் அடி விழும்போது தாங்கிக்கொள்ள இடுப்பிலே முடிச்சு இல்லை. முடிச்சு இல்லாதவனுக்கு ஒவ்வொரு தும்மலும் நிமோனியா!

இதிலே நமக்கும் பாடம் இருக்கிறது. ஒருமுறை கடன் தள்ளுபடி செய்துவிட்டு, ஊர்வலம் நடத்திவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டால் போதாது.

குடியைப் பற்றிச் சொன்னாரே? அதற்கும் சென்னையிலேயே விடை இருக்கிறது. ஃபிராங்க் சில்பாக் என்ற செருமானிய ஆய்வாளர் சென்னைச் சைக்கிள் ரிக்சாத் தொழிலாளர்களை ஆய்ந்து 2019இல் எழுதினார். நாள் முழுதும் மிதித்த கால்வலி தீரவே குடிக்கிறோம் என்று அவர்களிலே பெரும்பாலோர் கூறினார்கள். குடிக்காமல் வந்தால் கூடுதல் பணம் என்றொரு ஏற்பாடு, எப்படி வந்தாலும் ஒரே பணம் என்றொரு ஏற்பாடு. இரண்டிலே எது வேண்டும் என்று கேட்டபோது, ஏறத்தாழப் பாதிப்பேர், கிடைக்கக் கூடிய பணத்தை விட்டுக்கொடுத்தும், 'குடிக்காமல் வந்தால்தான் கூடுதல் பணம்' என்பதையே கேட்டு வாங்கினார்கள்! தன் கையைத் தானே கட்டிக்கொள்ளக் கயிறு கேட்கிறான் அந்தத் தொழிலாளி. அவனையா நாளையை எண்ணாதவன் என்கிறீர்கள்? குடிக்காமல் வந்தால் கூடுதல் பணம் என்ற ஏற்பாட்டிலே சேர்க்கப்பட்டவர்களின் சேமிப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது.

இனி உங்கள் ஊருக்கு வருகிறேன். கரும்புக்காரனின் கதை மாங்காய்க்காரனின் கதைதானே? கிருட்டிணகிரி மாவட்டத்திலே மாவுக்கும் ஆண்டிலே ஒரே பருவம். தையிலே பூ, கோடையிலே காய், அதற்குப் பிறகு ஆண்டு முழுதும் வானத்தைப் பார்த்தல். பூத்த நிலையிலேயே தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடும் உழவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். காய் முற்றும்வரை காத்திருந்தால் கூடுதலாக வரும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். வியாபாரியைவிட நன்றாகத் தெரியும். ஆனால் தையிலே பள்ளிக்கூடக் கட்டணமும் நகையின் ஏலச்சீட்டும் வாசலிலே நிற்கும்போது, வைகாசி வெகுதூரம். காத்திருந்தவர் கதி மட்டும் என்ன? 2025இலே பெங்களூரா மாங்காயின் விலை படுத்த படுக்கையானபோது, பறிகூலி கட்டாமல் காயை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. ஆக, பூவிலே விற்றவரை மூடர் என்றும், காத்திருந்தவரை அறிவாளி என்றும் சொல்ல உங்களால் முடியுமா? இருவருக்கும் இல்லாதது ஒன்றுதான்: இடுப்பிலே முடிச்சு.

ஓசூர்ப் பக்கம் போகும் பேருந்துகளிலே விடியற்காலையில் ஏறும் ஒப்பந்தத் தொழிலாளரைக் கேளுங்கள். வேலை தேடிக் கொடுத்த இடைத்தரகனுக்கு எவ்வளவு, சம்பளம் எந்தத் தேதி, அந்தத் தேதி எத்தனை முறை தள்ளிப் போனது என்று அவர்கள் சொல்வார்கள். ஒடிசாவிலே இலைத்தட்டுத் தைக்கும் தொழிலாளரிடம் முல்லைநாதனும் சில்பாக்கும் சுப்ரீத் கௌர் முதலானோரும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினருக்குக் கூலியிலே ஒரு பகுதியைச் சில நாள் முன்னதாகக் கொடுத்தார்கள். கூலியை உயர்த்தவில்லை. முன்னதாகக் கொடுத்தார்கள், அவ்வளவே. வாங்கியவர்கள் முதலிலே கடனை அடைத்தார்கள். அடுத்த நாட்களிலே அவர்கள் தைத்த தட்டு ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு கூடியது. தையலிலே பிழையும் குறைந்தது.

இதைப் படித்தபோது எனக்கு நூறுநாள் வேலைதான் நினைவுக்கு வந்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டம், 15 நாளுக்குள் கூலி என்றது. 2025 மார்ச்சிலே, ஒன்றிய அரசிடமிருந்து தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய நிலுவை 4,034 கோடி ரூபாய் என்று தமிழகமெங்கும் கிளர்ச்சி நடந்தது. 4,034 கோடி என்றால் பணம் மட்டுமா போயிற்று? கூலி வருமா வராதா என்று விழித்திருந்த இரவுகள் எத்தனை? அந்த இரவுகளுக்கு டில்லியிலே எந்த ஏட்டிலே கணக்கு இருக்கிறது?

முல்லைநாதனின் இன்னொரு பணியைச் சொல்லாவிட்டால் இந்த மேடைக்கே குறை. 2004இல் மரியான் பெர்ட்ரண்டு என்ற அம்மையாரோடு சேர்ந்து வெளியிட்டது. பாஸ்டன், சிகாகோ நகரங்களின் செய்தித்தாள்களிலே வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 பொய் விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி ஒன்றே. பெயர்தான் வேறு. சிலவற்றிலே வெள்ளையர் சூட்டும் பெயர், சிலவற்றிலே கறுப்பர் சூட்டும் பெயர். வெள்ளைப் பெயருக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு. கறுப்புப் பெயருக்குப் பதினைந்துக்கு ஒன்று!

1929இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரின் பின்னாலுள்ள சாதிப் பட்டத்தை வெட்டி எறியுங்கள் என்று தீர்மானித்தது. 'பெயரிலே என்ன இருக்கிறது' என்று அன்று நகைத்தார்கள். பெயரிலே ஐந்து விண்ணப்பம் இருக்கிறது என்று 75 ஆண்டு கழித்து அமெரிக்காவிலே எண்ணிக் காட்டினார் நம் ஊர்ப் பிள்ளை! இந்தியாவிலும் 2007இல் சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் இருவரும் இதே முறையில் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்களை அனுப்பி, ஒடுக்கப்பட்டோர் பெயருக்கும் முசுலிம் பெயருக்கும் அழைப்பு குறைவதைக் காட்டினார்கள். தனியார் துறையிலே இடஒதுக்கீடு எதற்கு என்று கேட்கிறவரிடம் இந்தக் கணக்கை நீட்டுங்கள்.

இவ்வளவு புகழ்ந்தாயே, அவரிடம் உனக்கு மாறுபாடே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. நடத்தைப் பொருளியலார் பலர், சின்னச் சின்ன ஏற்பாடுகளிலே மயங்குகிறார்கள். நினைவூட்டும் செய்தி அனுப்பு, படிவத்தை எளிதாக்கு, சேமிக்கச் சிறு தூண்டுதல் கொடு என்கிறார்கள். எல்லாம் நல்லதே. அரசுகளுக்கும் அது பிடித்திருக்கிறது. ஏனெனில் செலவு குறைவு, எவர் சொத்திலும் கைவைக்க வேண்டியதில்லை! நாளுக்கு நூற்றுக்கு 5 வட்டி வாங்குகிறவனைத் தொடாமல், அவனிடம் வாங்குகிறவளுக்குச் சேமிக்கக் கற்றுக்கொடுப்பது எனக்கு உடன்பாடன்று. உடைப்பை அடைக்காமல், கடைமடைக்காரனுக்குச் சிக்கனப் பாடம் எதற்கு? தமிழ்நாட்டிலே கந்துவட்டிக்கு எதிராக 2003இல் ஒரு சட்டம் வந்தது. கடன் வசூலின் பெயரால் நடக்கும் அடாவடியைத் தடுக்க 2025 ஏப்ரலிலே சட்டமன்றம் இன்னொரு முன்வரைவை நிறைவேற்றியது. சட்டம் ஏட்டிலே இருந்தால், குழுக்கடன் தவணை நாளிலே வாசலில் வந்து உட்கார்ந்துகொள்பவனுக்கு என்ன? அந்தச் சட்டத்தைக் கையிலே எடுத்துக்கொண்டு நீங்கள் போய் அந்த வாசலிலே நின்றதுண்டா?

ஆனால் அவரிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அது நமக்கே கொஞ்சம் வலிக்கும்.

பள்ளியிலே உணவு என்றால் நமக்குப் பெருமை. 1920இல் தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியிலே தொடங்கியது. 1956இல் காமராசர் விரித்தார். 1982இல் எம்.ஜி.ஆர். பெருக்கினார். 2022இல் காலை உணவும் வந்தது. அதன் சிறப்பு எங்கே? பிள்ளை விண்ணப்பம் எழுதவில்லை. வருமானச் சான்று கேட்கவில்லை. தட்டை நீட்டினால் சோறு. தாயின் தலையிலிருந்து ஒரு கவலை முழுதாக இறங்கியது. 2021இல் பெண்களுக்கு நகரப் பேருந்திலே கட்டணம் இல்லை என்றார்களே, அதுவும் அவ்வகை. ஏறினால் போதும்.

2023 செப்டம்பரிலே தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய், தொடக்கத்திலேயே ஏறத்தாழ 1 கோடியே 6 இலட்சம் பெண்களுக்குச் சென்றது. அரிய செயல். ஆனால் அதிலே விண்ணப்பம் உண்டு, வருமான வரம்பு உண்டு, நில வரம்பு உண்டு, மின்சார அளவு உண்டு, கணக்கோடு எண் இணைப்பு உண்டு. வசதியுள்ளவர் வாங்கிவிடக் கூடாதே என்று போட்ட வேலி. வேலி யாரைத் தடுத்தது? படிவம் நிரப்பத் தெரிந்தவரையா? இரண்டு வீட்டிலே பாத்திரம் தேய்த்துவிட்டு, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை அண்டைவீட்டில் விட்டுவிட்டு, குடும்ப அட்டையின் நகலை மறந்து வந்தவளையா?

அப்படி ஒருத்தி வந்ததை நான் பார்த்தேன். நம் மேசைதான். நம் தோழர்தான் உட்கார்ந்திருந்தார். "நேற்றே சொன்னேனேம்மா, நகல் இல்லாமல் ஏன் வந்தாய்? படிக்காவிட்டாலும் அறிவு வேண்டாமா?" என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பிப் போனாள். நகலெடுக்கும் கடை எதிரிலேயே இருந்தது. அட்டை அவள் கையிலேயே இருந்தது. எழுந்து போய் எடுத்து வந்திருக்கலாம், அவர். நானும் எழுந்து போகவில்லை.

கொடியும் மேசையும் போட்டால் தொண்டு முடிந்ததென்று எண்ணுகிறோம். காலை பத்து மணிக்குப் போட்டு, பகல் ஒரு மணிக்குச் சுருட்டிவிடுகிறோம். அந்த மூன்று மணி நேரத்திலே மாம்பழக்கூழ் ஆலையிலே இருப்பவள் எப்படி வருவாள்? ஓசூர்ப் பேருந்திலே போனவன் எப்படி வருவான்?

ஆகவே வரும் வாரத்திலிருந்து, ஒன்றியத் தோழர்கள் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மேசையை மாலை ஆறு மணிக்குப் போடுங்கள், ஒன்பது வரை. இடம் கட்சி அலுவலகம் வேண்டாம். நியாயவிலைக் கடைப் பக்கத்திலோ பேருந்து நிலையத்திலோ போடுங்கள். 'என்னென்ன கொண்டுவர வேண்டும்' என்ற பட்டியலை ஒட்டிவிட்டு உட்காராதீர்கள். எது குறைகிறதோ அதை வாங்கிவர ஒரு தம்பியைச் சைக்கிளோடு பக்கத்திலே நிறுத்துங்கள். தள்ளுபடியான விண்ணப்பங்களின் பட்டியலை எடுத்து, மேல்முறையீட்டுத் தேதியை நீங்கள் குறித்துவைத்து, நீங்களே அவள் வீட்டுக்குப் போங்கள். நகலெடுக்கும் செலவுக்கு உண்டியல் ஒன்று இன்றே இந்த மேடையிலே வைத்திருக்கிறோம். முதற்பணத்தை, காலையிலே தேநீர்க் கடையில் பேசிய அந்தத் தோழரே போட்டிருக்கிறார்.